உதிலதான்

ஒரு ஜனவரியில் என் வீட்டு ஃபேர்னஸ் நின்றுபோனது. அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் கனடாவில் ஜனவரியில் நின்றுபோனால் என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். டொரொண்டோவின் கிழக்கே, நான் இருக்கும் மோர்னிங்சைட்டில், எனக்குத் தெரிந்த எல்லாரும் ஃபேர்னஸ் திருத்தும் ஒரே ஆளின் தொலைபேசி இலக்கத்தைத்தான் தந்தார்கள். அடித்தேன்.

“அண்ணை, எங்க நிக்கிறியள்?”

“உதிலதான் நிக்கிறன் பிள்ளை. வந்திட்டன் எண்டு வையும்.”

நம்பினேன். குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றேன். தெருவில் வந்த வான்களையெல்லாம் எண்ணிச் சலித்துப்போய்த் திரும்ப அடித்தேன். “உதில, உதில” என்றார். அவருடைய குரலுக்குப் பின்னால் விமானம் ஒன்று தாழப் பறக்கும் இரைச்சல் கேட்டது. நான் மிசிசாகாவில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறவள். அந்த இரைச்சலை நித்திரையிலும் அடையாளம் சொல்வேன். மனிதர் நகரத்தின் மறு அந்தத்தில் நின்றுகொண்டு உதில என்கிறார்!

பொழுதுபடும் நேரத்தில் வந்து சேர்ந்தார். கட்டையான மனிதர், மனைவி பின்னிய பச்சைத் தொப்பி, ஒரு கையில் குறடும் சாவியும் கிலுங்கும் ஆயுதப் பெட்டி. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“அண்ணை, பொய்தானே சொன்னனீங்கள்? எயார்போட்டடியில நிண்டுகொண்டெல்லோ உதில எண்டனீங்கள்?”

அவர் கொஞ்சமும் கோபிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார்: “நீர் போன் அடிக்கேக்கை உம்மட பல்லுக் கிடுகிடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மிசிசாகாவில நிக்கிறன் எண்டிருந்தால் இன்னும் நடுங்கியிருப்பீர். இப்ப நடுங்குறீரோ?”

நடுங்கவில்லை. கோபத்தில் உடம்பு சூடேறியிருந்தது என்பது வேறு விஷயம்.

இந்த ‘உதில’வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தோழிகள் என்னிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். கைக்குள் இருப்பது இது. கண்காணாத இடத்தில் இருப்பது அது. யாழ்ப்பாணத்தாருக்கு இவை இரண்டும் போதாது. நடுவில் உது என்று ஒன்று வைத்திருக்கிறோம். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது உது. கையை நீட்டினால் எட்டும், ஆனால் இன்னும் எட்டவில்லை என்பதும் உது. ‘உதில’ என்றால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை, ஆனால் கிட்டத்தான். மற்றவர்கள் இந்தச் சொல்லை அளவோடு பாவித்தார்கள். அவர் ஒருவர்தான் ஒன்ராறியோ மாகாணம் முழுவதையும் அதற்குள் அடக்கினார்.

ஃபேர்னஸ் நிலக்கீழ் அறையில் இருந்தது. அவருக்கு வழிகாட்டப் படியில் இறங்கிப்போய்த் திரும்பி ஏறியதும் நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். மறைக்க என்ன இருக்கிறது? முந்தின இலையுதிர் காலத்தில் எனக்கு நெஞ்சுவலி வந்து, இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நடக்கச் சொன்னார் டொக்டர். நான் பயத்தில் கடைத்தொகுதிக்குள், பாதுகாவலர்களின் கண்ணில் படும்படி, மேலும் கீழுமாக நடந்து திரிந்தேன். வெளியே எங்காவது விழுந்தால் யார் தூக்குவது என்பதுதான் அப்போது என் ஒரே யோசனை. தனியாக இருக்கிறவளுக்கு அந்த யோசனை ஒரு முழுநேர வேலை.

“பனி கரைஞ்சதும் ஒரு ஞாயிறு காலமை ரூஜ் ஆத்தடிக்கு வாரும்,” என்றார். “நாங்கள் ஏழெட்டுப் பேர் நடக்கிறனாங்கள்.”

“எவ்வளவு தூரம் நடக்கவேணும் அண்ணை?”

பதிலை எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

போனேன். காட்டுப் பாதை, ஒரு பக்கம் ஆறு, மரங்கள் அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கியிருந்தன. அவர் முன்னே போனார். மகள் சின்ன வயதில் விளையாடிக் கைவிட்ட ஹொக்கி மட்டை ஒன்றுதான் அவருடைய ஊன்றுகோல். நான் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நடந்த தூரத்தை அது காட்டக் காட்ட உரக்க வாசித்தபடி பின்னால் போனேன். எனக்குத் தூரம் தெரியவேண்டும். சமையலறையிலிருந்து தபால்பெட்டி மட்டும் எத்தனை மீற்றர் என்று தெரிந்து வைத்திருக்கிறவள் நான். அவர் இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாம் தடவை திரும்பி நின்றார்.

“பிள்ளை, உதைச் சட்டைப்பைக்குள்ள வையும். தூரத்தை மூளைக்குச் சொல்லலாம். காலுக்குச் சொல்லக்கூடாது. காலுக்குக் காது இருக்கு. கேட்டுதெண்டால் அதிலயே குந்தியிடும்.”

அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் கிலோமீற்றர். பாதை முழுக்க அது ஒரு பாட்டாகவே நடந்தது. “கிலோமீற்றர், உந்த வளைவு மட்டும்தான்.” வளைவு வந்தது. “உந்தப் பாலம் மட்டும்தான்.” பாலமும் வந்தது. “உதில ஒரு வாங்கு கிடக்கு, இருப்பம்.” உட்கார வாங்குப் பலகை ஒன்றும் கிடக்கவில்லை. ஒரு விழுந்த மரம் கிடந்தது. ஒருநாளும் இருந்ததில்லாத அந்த வாங்கை நம்பி நான் ஒரு மேட்டையே ஏறிக் கடந்திருந்தேன்.

திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். அது காட்டிய எண்ணை என்னால் நம்ப முடியவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் வேறு. அவ்வளவு நேரமும் என் நெஞ்சைப் பற்றி நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த அண்ணை அதைக் கண்டும் காணாதவர் போலத் தொப்பியைச் சரிசெய்தார்.

இதைச் சொல்லிவிட்டு அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அக்காவுக்கு அந்தச் சொல்லைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒருநாள் நடந்து முடித்து அவர்களுடைய வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, “கொழும்பு உதிலதானே, ஒருக்கால் போட்டு வரலாம்,” என்று அவர் சும்மா வாய் தவறிச் சொன்னார். அக்கா தேத்தண்ணிக் கோப்பையை டொக்கென்று வைத்தார்.

“தங்கச்சி, உமக்குத் தெரியுமோ? இவர் முதல் கனடா வந்திட்டார். நான் கொழும்பில ஒரு லொட்ஜில. போன் எடுத்தால் ஒரே கதை. ‘பேப்பர் சரி, விசா உதிலதான், கனடா உதிலதான்.’ நான் சூட்கேசைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழ வைச்சுக்கொண்டு இருந்தனான். அந்த லொட்ஜில நாலு பொங்கல் பொங்கினனான். நாலு!”

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

“சிரிக்காதேங்கோ. வருஷக்கணக்காகும் எண்டு சொல்லியிருந்தால் நான் அங்க ஒரு வேலையைத் தேடியிருப்பன். ஒரு தையல் மெஷினாவது வாங்கியிருப்பன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எண்டு இருந்தால் ஒரு மனிசி என்ன செய்யலாம்?”

“அப்பிடிச் சொல்லியிருந்தால் நீர் இருந்திருப்பீரோ?” என்று அவர் மெல்லக் கேட்டார். “எனக்கு அதுதான் பயம்.”

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். எனக்கு யார் பக்கம் சேருவதென்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன அதே பொய்தான் அக்காவை நாலு பொங்கல் ஒரு சூட்கேசோடு கட்டி வைத்திருந்தது. அக்கா ஒருநாளும் எங்களோடு நடக்க வரவில்லை. “நான் உங்கட உதிலைக்கு ஒருக்கால் வந்திட்டன், காணும்,” என்பார்.

எங்கள் நடையிலும் அந்தச் சொல் ஒருமுறை பிழையாய்ப் போனது. எங்களோடு நடந்தவர்களில் ஒருவர் சீனி வருத்தக்காரர், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர். கையில் எப்போதும் ஒரு வாழைப்பழம் வைத்திருப்பவர் அன்று, உதிலதானே என்று அதைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார். நாங்கள் ஆற்றை விட்டு வெகுதூரம் ஏறிய பிறகு மனிதருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டது. யாரோ பெண்ணொருத்தி நாயோடு வந்தாள், அவளிடம் பழச்சாறு இருந்தது, தப்பினோம். அண்ணையின் முகம் அன்று கறுத்துப்போன மாதிரி நான் பிறகு கண்டதில்லை. மகளுக்கு அப்போது கல்லூரி விடுமுறை. அவளும் எங்களோடு நடக்க வந்திருந்தாள். டொரொண்டோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, வை கான்ற் யூ ஜஸ்ட் டெல் தெம்? தூரம் எண்டு சொன்னால் என்ன? தே ஆர் அடல்ட்ஸ்!”

அடுத்த ஞாயிறு வந்தபோது அவருடைய முதுகில் பெரிய நீலப் பை ஒன்று இருந்தது. உள்ளே எல்லாருக்கும் தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம், பேரீச்சம்பழம், சீனிக் குளிசை. “எவ்வளவு தூரம் அண்ணை?” என்று ஒருவர் கேட்டார். “உதிலதான்” என்றார். சொல்லை விடவில்லை மனிதர். ஆனால் அதன் பிறகு யாரும் அவரிடம் தூரம் கேட்கத் தேவையிருக்கவில்லை. பையைப் பார்த்தால் போதும். பை தொளதொள என்று இருந்தால் சின்ன நடை. தொப்பிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் மதியத்துக்கு முன் வீடு இல்லை. வாய் உதில என்றது, முதுகு தூரம் என்றது. அந்தப் பையை அவர் வேறு ஒருவரிடமும் கொடுக்க மாட்டார். நான் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மகள் படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் ஆங்கிலம் படிப்பிக்கவென்று தென் ஸ்பெயினுக்குப் போனாள். அங்கே அல்புஹாரா என்று ஒரு மலைநாடு, மலைச்சரிவெங்கும் வெள்ளை ஊர்கள், நீங்களெல்லாரும் நடக்க வாருங்கள் என்று படம் படமாக அனுப்பினாள். எங்களில் நாலு பேர் துணிந்தோம். அக்காவும் வந்தார், நடக்க அல்ல, மகளைப் பார்க்க. அண்ணை ஹொக்கி மட்டையைப் பெட்ஷீற்றில் சுற்றி விமானத்தில் ஏற்றினார். ஒக்டோபர் மாதம்.

முதல் நாள் மாலை ஒரு சின்னக் கடையின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மகள் அங்கத்தைய பாஷையில் சாப்பாடு சொல்லிவிட்டுத் தகப்பனின் தோளைத் தட்டினாள்.

“அப்பா, யூ ஆர் கோயிங் டு லவ் திஸ். இங்கிலிஷில ஹியர், தெயர், அவ்வளவுதான் இருக்கு. இவையளிட்ட மூண்டு இருக்கு. எஸ்தே, எஸே, அகேல். இது, உது, அது!”

அவர் கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தார். “உது இருக்கோ?”

“ஓம். உதில எண்டால் ஆயி. உதிலதான் எண்டால் ஆயி மிஸ்மோ.”

“ஆயி,” என்றார். “ஆயி மிஸ்மோ.” வாய்க்குள் போட்டு ருசி பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். “இவ்வளவு வருஷமா நான் இங்கிலிஷில ஒரு கால் இல்லாமலெல்லோ நொண்டினனான்!”

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஊர்கள். பம்பனேரா, புபியோன், கப்பிலேரா. கீழ் ஊரில் நின்று அண்ணாந்து பார்த்தால் மற்ற இரண்டும் தெரியும். மட்டையால் ஒவ்வொன்றாகக் காட்டினார்: “எஸ்தே. எஸே. அகேல்.” ஊரூராக ஏறினோம். வீட்டுக் கூரைகள் தட்டையாக இருந்தன; ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் முற்றம் மாதிரி. புகைபோக்கிகள் தொப்பி போட்டிருந்தன. சில ஒழுங்கைகள் வீடுகளுக்குக் கீழாலேயே நுழைந்து போயின. ஒவ்வொரு சந்தியிலும் ஊற்றுத் தண்ணீர் குழாயால் கல்தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் எல்லாரிடமும் வழி கேட்டார். வழி தெரிந்திருந்தாலும் கேட்டார். குந்தியிருந்த கிழவிகளும் பாண் வாங்கப் போனவர்களும் நாடியை உயர்த்தி “ஆயி” என்றார்கள். ஒருவரும் ஒரு மீற்றர் கணக்குச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து, “கேட்டீரோ கிலோமீற்றர்? ஒரு நாடே என்ர பக்கம்,” என்றார். நான் சும்மா இருப்பேனா? “ஒரு நாடே பொய் சொல்லுது எண்டு சொல்லுங்கோ,” என்றேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சாப்பாட்டைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தார். இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். அக்காவும் கவனித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தன் தட்டிலிருந்ததை எடுத்து அவருடைய தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி நாள், நாங்கள் தங்கியிருந்த மேல் ஊரான கப்பிலேராவிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, மறு சரிவில் ஏறி ஒரு சுற்று வருவதாகத் திட்டம். அக்கா வாடகை வீட்டு வாசலில் நின்று கைகாட்டினார். “பின்னேரம் சோறும் பருப்பும் வைச்சிருப்பன். இருட்ட முதல் வந்திடுங்கோ.”

“உதிலதானே,” என்றார் அவர்.

கஸ்தானி என்று அங்கே சொல்லும் செஸ்ட்நட் மரங்கள் முள்ளுக் காய்களை உதிர்த்திருந்தன. மறு சரிவில் ஏறிச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பி இறங்கியபோது அவர் நின்றார். முதுகிலிருந்த நீலப் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“உதைக் கொஞ்சம் பிடியும்.”

வாங்கிக்கொண்டேன். மகளும் மற்றவர்களும் முன்னால் ஏறிப்போய் வளைவுகளில் மறைந்துவிட்டார்கள். பாலத்திலிருந்து ஊருக்கு ஒரே ஏற்றம். பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் போய்விடுகிறது. மேலே பனி மூடிய சிகரத்தில் இன்னும் வெளிச்சம் இருக்க, எங்கள் காலடியில் குளிரத் தொடங்கிவிட்டது. வயல்களுக்குப் போகும் வாய்க்கால் ஒன்றின் கரையில் ஒரு கல் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்தார். முகம் மஞ்சளாக இருந்தது. அந்தி வெயிலாக்கும் என்று நினைக்க விரும்பினேன், ஆனால் அங்கே வெயிலே இல்லை.

மேலே ஊர் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, கையை நீட்டினால் தொடலாம் போல. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

அவருடைய வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்டதேயில்லை. திகைத்துப்போய், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். போனை எடுத்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். இவ்வளவு கிலோமீற்றர், அதுவும் செங்குத்தாக ஏற்றம் என்றேன்.

கால் கேட்டுவிட்டது. அவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், பேரீச்சம்பழம் கொடுத்தேன், வேண்டாம் என்றார். போனில் ஊர் வரைபடம் இருந்ததே தவிர, யாரையும் கூப்பிட சிக்னல் இல்லை. விட்டுவிட்டு மேலே ஓடி ஆட்களைக் கூட்டி வருவதா, பக்கத்தில் இருப்பதா என்று தெரியாமல் நின்றேன். விழுந்தால் யார் தூக்குவது என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த காலம் போய், இவரை நான் எப்படித் தூக்குவேன் என்று நினைத்தேன். பயமென்றால் பயம்.

மணிச் சத்தம் கேட்டது. ஆடுகள், பின்னால் ஒரு மனிதர், அண்ணையின் வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டு நின்றார். முதலில் ஹொக்கி மட்டையைப் பார்த்து, இது என்ன சாமான் என்பது போலக் கண்ணைச் சுருக்கினார். அண்ணை அந்த மட்டையையே உயர்த்தி மேலே காட்டினார்.

“கப்பிலேரா?”

ஆட்டுக்காரர் ஊரைப் பார்த்தார். அண்ணையின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நாடியை மெல்ல உயர்த்தினார்.

“ஆயி,” என்றார். “ஆயி மிஸ்மோ.”

ரூஜ் ஆற்றங்கரையில் இல்லாத வாங்கைக் காட்டியபோது அண்ணையின் முகம் எப்படி இருக்குமோ, அச்சொட்டாக அப்படியே இருந்தது அந்த முகம். கூச்சமே இல்லாத பொய். அண்ணை அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“கள்ளன்,” என்றார் தமிழில். “என்ர ஆள்.”

மட்டையை ஊன்றி எழுந்துவிட்டார்.

ஆட்டுக்காரர் எங்களோடேயே ஏறினார், ஆடுகள் எங்கள் காலுக்குள் காலாக. ஒவ்வொரு வளைவிலும் அவர் “ஆயி” என்றார். அண்ணை “உதில” என்று பதில் சொன்னார். இருவருக்கும் மற்றவரின் பாஷையில் வேறு சொல் தெரியாது. வேறு சொல் தேவைப்படவும் இல்லை. இடையிடையே அண்ணை நின்று மூச்சு வாங்கினார்; அப்போதெல்லாம் அந்த மனிதர் ஆட்டைத் திட்டுவது போலத் தானும் நின்றுகொண்டார். ஊரின் விளக்குகள் எரியத் தொடங்கும்போது முதல் வீட்டைத் தொட்டோம்.

அக்கா வாசலில் நின்றார். மற்றவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் பதறிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை, அண்ணையின் முகத்தைத்தான் பார்த்தார்.

“தூரமோ?” என்றார்.

“சீச்சீ. உதில.”

அக்கா ஏசவில்லை. புறங்கையால் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

டொரொண்டோ திரும்பியதும் சோதனைகள் செய்தார்கள். கணையத்தில் புற்றுநோய். பரவியிருந்தது. மகள் ஸ்பெயின் வேலையை விட்டுவிட்டு வந்தாள். குளிர்காலம் தொடங்கியதும் வழக்கம்போல அவருடைய போன் அடிக்கத் தொடங்கியது. படுக்கையில் கிடந்தபடியே எடுத்தார். “உதிலதான் நிக்கிறன் தம்பி. இண்டைக்கு எனக்குக் கொஞ்சம் ஏலாது, வேற ஆளை அனுப்புறன்” என்றார். எத்தனை வீடுகளுக்கு அப்படி வேறு ஆளை அனுப்பினாரோ தெரியாது. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்க அக்காவால் முடியவில்லை.

பெப்ரவரியில் ஸ்காபரோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போனபோது அக்கா அறைக்கு வெளியே, சுவரோடு சாய்ந்துகொண்டு நின்றார். என் கையைப் பிடித்தார்.

“டொக்டர் சொல்லிப்போட்டார்,” என்றார். “கிட்டத்தானாம்.” பிறகு கதவைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். “மெல்லக் கதையும். கேட்டிடும்.”

உள்ளே மகள் யன்னலடியில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பை கதிரையின் முதுகில் கொழுவியிருந்தது. எதற்கு அதைக் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்தான் கொண்டுவரச் சொல்லியிருப்பார். பச்சைத் தொப்பிக்குள் முகம் சின்னப் பிள்ளையுடையது போலச் சுருங்கியிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

“கிலோமீற்றர்,” என்றார். குரல் பாதிதான் வந்தது. “இவையள் ஒருத்தரும் சொல்லீனமில்லை. நீர் அளந்து பாக்கிற ஆள். சொல்லும். எவ்வளவு தூரம்?”

மகள் யன்னலுக்கு வெளியே, கார்கள் மேல் கிடந்த பனியைப் பார்த்தாள். அக்கா கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். அண்ணையின் கண் என்மேல் இருந்தது. எனக்கு அந்த வாய்க்கால் கல்தான் ஞாபகம் வந்தது. அங்கே உண்மையைச் சொன்னேன், அவருடைய கால் குந்திவிட்டது. இங்கே அவருடைய சொல்லையே எடுத்து அவருக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது, அது இனிச் சரிவராது. அவர் வாழ்நாள் முழுக்கப் பொய்யாகச் சொல்லி வந்த சொல், உதிலதான், அன்றைக்கு உண்மையாகிவிட்டிருந்தது.

“தூரம் அண்ணை,” என்றேன். “இன்னும் கன தூரம் கிடக்கு.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்த ஆட்டுக்காரரைப் பார்த்த அதே பார்வை. பிறகு உதட்டின் ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது.

“கள்ளி,” என்றார்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தூரமெண்டால் தண்ணி வேணுமே.”

நான் எழும்ப முதல் அக்கா போய்விட்டார். நீலப் பையைத் திறந்து, ஒருநாளும் எங்களோடு நடக்க வராத அந்த மனிசி, அதற்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். மூடியைத் திருகி, குழலைப் போட்டு, அவருடைய தலைக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தினார்.

“ஆறுதலாக் குடியுங்கோ,” என்றார். “தூரம் போகவேணும்.”

அவர் குடித்தார்.